மூச்சுத் திணறிய படகு

உம்முல் குவைனின் உப்பங்கழி ஓரத்தில் நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் சிறியதொரு படகுப் பட்டறை நடத்தி வருகிறோம். கீழக்கரையில் பிறந்த எங்களுக்குக் கடல் புதிதன்று. விளையாட்டுக்கென்றே கட்டப்பட்ட படகுதான் புதிது. காலில் பலகை பூட்டி நீரின் மேல் சறுக்குவோரைக் கயிற்றால் இழுத்துச் செல்லும் படகு அது. ஸ்கீ படகு என்பார்கள். 1922 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்னும் இளைஞர் தொடங்கி வைத்த விளையாட்டு, இன்று வளைகுடாவின் கழிகள் வரை வந்துவிட்டது. ஊரில் வாப்பாவிடம் இந்தத் தொழிலை விளக்கியபோது, “மீன் பிடிக்காத படகுக்கு இத்தனை பெரிய இன்ஜினா?” என்று வியந்தார்கள்.

அந்த இன்ஜினிடம் நாம் எதிர்பார்ப்பது வேகத்தை மட்டுமன்று, சீரான வேகத்தை. ஸ்லாலம் போட்டிகளில் ஆண்களுக்கு மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55 கிலோமீட்டர் என்பது உச்ச வரம்பு. கயிற்றின் முழு நீளம் 18.25 மீட்டர். அதன் மறுமுனையில் இருப்பவருக்கு, படகு ஒரு கணம் தளர்ந்தால் கயிறு தொய்யும். அடுத்த கணம் படகு பாய்ந்தால் தோள் மூட்டு வரை வெட்டி இழுக்கும். குழந்தைகளை இழுக்கும் படகாக இருந்தால் அச்சம் இன்னும் அதிகம்.

2019 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் எங்களிடம் வந்தது அத்தகைய படகுதான். அரபுக் குடும்பமொன்று வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பின் பிள்ளைகளுடன் கழியில் இறக்கும் படகு. எட்டு சிலிண்டர், 5.7 லிட்டர் கொள்ளளவு, கார்புரேட்டர் பொருத்திய பெட்ரோல் இன்ஜின். நல்ல நிலையில் நிமிடத்துக்கு 4,600 சுற்று சுற்றி, மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும். இப்போதோ மெதுவாகச் செல்லும்போது குறையேதும் இல்லை. திராட்டிலை முழுவதும் தள்ளினால் 3,500 வரை ஏறுகிறது, 2,800க்கு விழுகிறது, மறுபடி ஏறுகிறது. ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுவதைப் போல. முந்தின வாரம் கயிற்றில் இருந்த மகள் தூக்கி எறியப்பட்டு நீரில் விழுந்ததாக அந்தத் தந்தை சொன்னார். அல்லாஹ்வின் அருளால் அடி ஏதும் இல்லை.

கேட்ட மாத்திரத்தில் எங்கள் மனம் பெட்ரோலின் மேல் சென்றது. பெட்ரோலின் மேல் சென்ற மனம், அதை வாங்கி வருபவனின் மேல் சென்றது. பெரியபட்டினத்திலிருந்து வந்து மூன்று மாதமே ஆகியிருந்த தம்பி ஒருவன் எங்களிடம் வேலை செய்தான். வாடிக்கையாளர்களின் படகுகளுக்குச் சாலையோர பங்கிலிருந்து கேன்களில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றுவது அவன் பொறுப்பு. அந்த அரபியர் நின்றுகொண்டிருக்கும்போதே அவனை அழைத்து, “பெட்ரோலில் எதையாவது கலந்தாயா? காசை என்ன செய்தாய்?” என்று கேட்டோம். தமிழில்தான் கேட்டோம், ஆயினும் அந்தக் குரல் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். “இல்லை காக்கா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே பெட்ரோல் பணம் அவன் கையிலிருந்து எங்கள் கைக்கு வந்துவிட்டது.

ஃபில்டரில் இருந்த பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இரவு முழுவதும் வைத்தோம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். காலையில் பார்த்தால் ஒரு துளியும் இல்லை. அங்கேயே அவனை அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாங்களோ, தண்ணீர் இல்லையென்றால் வேறெதையோ கலந்திருப்பான் என்று எண்ணிக்கொண்டோம். சந்தேகம் குடிபுகுந்த பின் எந்தச் சாட்சியும் அதற்கே சாதகமாகிவிடுகிறது.

பிறகுதான் ஒழுங்கான சோதனைகளைத் தொடங்கினோம். கழியின் நடுவில் முழு வேகத்தில் இன்ஜின் தளரும் தருணம் பார்த்துத் திராட்டிலைச் சட்டென்று முன்னும் பின்னும் அசைத்தோம். அப்படி அசைத்தால் கார்புரேட்டரில் உள்ள சிறு பம்பு கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும். இன்ஜின் ஒரு நொடி உயிர் பெற்றது. அப்படியானால் தீப்பொறியில் குற்றமில்லை. இன்ஜின் பசியால் வாடுகிறது. அடுத்து, டேங்கின் மூடியைத் தளர்த்தி ஓட்டினோம். டேங்குக்குக் காற்று செல்லும் குழாய் அடைபட்டிருந்தால் அப்போது சரியாகிவிடும். சரியாகவில்லை.

மூன்றாவது சோதனைதான் வழி காட்டியது. எப்போதும் போல இன்ஜின் அறையின் புளோவரை நான்கு நிமிடம் ஓடவிட்டு ஆவியை வெளியேற்றிய பின், படகின் டேங்கை விட்டுவிட்டுத் தனியானதொரு கையடக்க டேங்கிலிருந்து நேராகப் பம்புக்கு இணைப்புக் கொடுத்தோம். அந்த டேங்கில் இருந்தது, அதே தம்பி அதே பங்கில் வாங்கி வந்த பெட்ரோல். படகு ஒரு தடுமாற்றமும் இன்றிப் பாய்ந்தது. பெட்ரோலும் நல்லது, இன்ஜினும் நல்லது. குற்றம் இடைப்பட்ட ஏழெட்டு அடியில்.

அந்த ஏழெட்டு அடியில், டேங்கின் வாயில், சிறியதொரு வால்வு உண்டு. ஹோஸ் அறுந்தால் பெட்ரோல் தானாக வழிந்து படகின் அடியில் தேங்காமல் காப்பது அது. துருப்பிடித்தால் சிக்கிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தோம், பழுதில்லை. சிலர் தொல்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். தீ விபத்தை விலை கொடுத்து வாங்கும் செயல் அது. வால்வைத் திரும்பப் பொருத்திவிட்டு ஹோஸை எடுத்தோம். வெளியே வெடிப்பில்லை, கசிவில்லை, புதிது போலவே இருந்தது. கத்தியால் நீளவாக்கில் பிளந்தபோது உள்ளுறை கழன்று நாக்கைப் போல் தொங்கியது. இன்ஜின் பலமாக உறிஞ்சும்போது அந்த நாக்கு வழியை மூடும், பெட்ரோல் குறைந்து வேகம் விழும், உறிஞ்சல் தணிந்ததும் வழி திறக்கும், வேகம் ஏறும், மறுபடி மூடும். மெதுவாகச் செல்கையில் தேவை குறைவு, ஆகவே குறையும் தெரியாது.

ஹோஸின் மேல் படகுக்குரிய ஏ1 குறி இல்லை. கார்களுக்கான சாதாரண ஹோஸ் அது. யார் போட்டது என்று பழுது நோட்டைப் புரட்டினோம். இரண்டாண்டுக்கு முன் நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள், ஊருக்குப் பேச வேண்டும் என்ற அவசரத்தில், கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டியிருக்கிறோம். கையெழுத்து எங்களுடையது. அந்தத் தம்பி அப்போது இந்த நாட்டுக்கே வந்திருக்கவில்லை.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து, அந்த அரபியரையும் வரவழைத்து, அவர் முன்னிலையிலேயே தம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். குற்றம் சாட்டிய இடத்திலேயே கேட்க வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ‘தனியாகச் சொன்னால் போதாதா, வாடிக்கையாளர் போய்விடுவாரே’ என்று ஒருவர் தயங்கியது உண்மை. அரபியர் ஹோஸின் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படகை எடுத்துச் செல்லவில்லை. புதிய ஹோஸுக்குப் பணம் தர முயன்றார், நாங்கள் வாங்கவில்லை. தம்பி, “பரவாயில்லை காக்கா” என்றான். “இல்லை” என்று சொன்ன அதே குரல்.

ஏ1 ஹோஸ் மாட்டிய பின் திணறல் அடியோடு நின்றது. ஆனால் உச்சத்தில் 4,200 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. ஒரு நோய் என்று நினைத்தது இரண்டாக இருந்தது. படகைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பாகமெங்கும் பாசி. புரொப்பெல்லரின் ஓர் இதழ் மணல்மேட்டில் இடித்து விளிம்பு மடங்கியிருந்தது. பாசியைச் சுரண்டி, புரொப்பெல்லரை மாற்றினோம். சோதனை ஓட்டத்துக்குத் தம்பியையே ஓட்டச் சொன்னோம். காற்றின் இரைச்சலுக்கு மேல் உரக்க, “நாலாயிரத்து நானூறு… ஐந்நூறு… அறுநூறு, காக்கா!” என்று மீட்டரைப் படித்தான்.

பெட்ரோல் பணத்தை மறுநாளே அவன் பொறுப்பில் கொடுத்துவிட்டோம். அதற்கு முன்பெல்லாம் மீதிச் சில்லறையை மேசையில் வைத்துவிட்டுப் போவான். இப்போது ஒவ்வொரு முறையும் பங்கின் ரசீதை மடிக்காமல் கொண்டு வந்து எங்கள் முன் வைக்கிறான். வேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டோம். தலையசைக்கிறான், மறுநாளும் வைக்கிறான்.