அலவனும் கணவாயும்

ஓய்வு நாட்களைக் கழித்தற்குரிய விளையாட்டுக்கள் பல. அவற்றுள் பொருட்செலவு சிறிதும் பொறுமை பெரிதும் வேண்டுவது கடற்கரையில் நண்டும் கணவாயும் பிடித்தல். பந்தாட்டத்திற்கு ஆடுகளமும் துணைவரும் வேண்டும். நண்டு பிடித்தற்கோ ஒரு கயிறும், ஒரு மீன்தலையும், ஒரு சிறு வலையும் சாலும். சென்ற கோடை விடுமுறையில் யாம் பாக் விரிகுடாக் கரையிலுள்ள நண்பர் ஒருவர் இல்லத்திற் பத்து நாட்கள் தங்கியிருந்தோம். நண்பரின் தந்தையார் நாட்டுப்படகிற் கடல்மேற் செல்பவர். அவரிடம் கேட்டும் உடனிருந்து கண்டும் யாம் அறிந்தவற்றை, கடற்கரை செல்லவிருக்கும் மாணவ அன்பர்க்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால் ஈண்டு எழுதுகின்றோம்.

நண்டோடு விளையாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஐங்குறுநூற்று மருதத்தில் நண்டிற்கென்றே 'கள்வன் பத்து' என ஒரு பகுதி உண்டு. நெய்தற் பாட்டுக்களில் மகளிர் மணற்பரப்பில் அலவனை ஓட்டி விளையாடுதலைக் காண்கின்றோம். ஆயின் அவ்விளையாட்டில் அலவன் ஓட்டப்படுவதே யன்றி உண்ணப்படுவதன்று. யாம் கூறப் புகுவதோ பிடித்துண்ணும் விளையாட்டு. ஆதலின் அதற்கு முறையும் எல்லையும் வேண்டும்.

பாக் விரிகுடா ஆழங் குறைந்தது. பல இடங்களில் அடியிற் கடற்புல் செறிந்தது. ஆங்கு அகப்படும் நண்டுகளுட் சிறந்தது நீலக்கால் நண்டு. நீர் ஏறும் பொழுதே அதனைப் பிடித்தற்கு ஏற்ற பொழுது. எண்ணெய்ப்பசை மிக்க சாளை மீனின் தலையைக் கயிற்றில் இறுகக் கட்டி ஆழமில்லாத நீரில் இட்டுக் காத்திருத்தல் வேண்டும். கயிறு மெல்ல நகர்ந்து விறைப்பின் நண்டு இரையைப் பற்றிற்று என்பது துணிபு. அப்பொழுது விரைந்திழுப்பின் அது கைவிட்டு ஓடும். சாண் சாணாக இழுத்து, நண்டு நீர்மட்டத்திற்கு வருமுன்னரே நீண்ட பிடியுள்ள வலையை அதன் கீழே செலுத்துக. நீரை விட்டு வெளிப்பட்ட நொடியில் நண்டு இரையை விட்டுவிடும்.

நீருள் இறங்குவோர் காலைத் தூக்கி வையாது, மணலைத் தேய்த்தவாறே நடத்தல் வேண்டும். மணலிற் புதைந்து கிடக்கும் திருக்கை, மிதியுண்டால் வால்முள்ளாற் குத்தும். கால் தேயும் அதிர்ச்சியை உணரின் விலகிப் போம். பிடித்த நண்டைப் பின்புறமாக, துடுப்புப் போன்ற கடைக்கால்களின் அடியிற் பற்றுக. கொடுக்கு அங்கு எட்டாது. நண்டுகளை வாளி நீரில் இட்டு வைத்தல் தவறு. தேங்கிய நீரிற் காற்றுக் குறைந்து அவை விரைவில் மாளும். நனைத்த கோணியிற் சுற்றி நிழலில் வைப்பின் நெடும்பொழுது உயிரோடிருக்கும். அடிப்புற ஓட்டை விரலால் அழுத்துக. மெத்தென்றிருப்பின் அஃது அண்மையில் ஓடு கழற்றியது. உள்ளே தசை குறைந்து நீரே மிக்கிருக்கும். அதனை விட்டுவிடுதல் நன்று.

கணவாய் இரவிற்குரியது. நிலவில்லா இரவில், விளக்கெரியும் படகுத்துறையே தக்க இடம். ஒளியை நாடிச் சிறு மீன்கள் கூடும். அவற்றை நாடிக் கணவாய் வரும். அது பெரும்பாலும் ஒளியின் நடுவே நில்லாது, ஒளியும் இருளும் கலக்கும் ஓரத்தில் நிற்கும். தூண்டிலை அங்கு வீசுக. கணவாய்த் தூண்டில் இறால் வடிவினது; அதன் கடையில் மேல்நோக்கிய முட்கள் முடிபோற் சூழ்ந்திருக்கும். அம்முட்களுக்கு எதிர்முள் இல்லை. ஆதலாற் கயிறு சிறிது தளரினும் கணவாய் நழுவும். வெடுக்கென்று இழுப்பின் மெல்லிய கை அறுந்துபோம். ஒரே சீராக இழுப்பதே வழி. நீர்மட்டத்திற்கு வந்ததும் சிறிது நிறுத்தி, அது மையைக் கக்கிய பின்னரே மேலே எடுத்தல் வேண்டும். இன்றேல் அருகிருப்போர் ஆடை கறுக்கும்.

இவையெல்லாம் கைத்திறம். இவற்றினும் பெரியதொன்றை ஒருநாள் மாலை கண்டோம். அன்று பெரியவர் வலையிற் பட்டவை நான்கே நண்டுகள். அவற்றுட் பெரியது வயிற்றடியில் மஞ்சள் நிறச் சினை தாங்கியது. நிலுவைப் பணத்திற்காக வியாபாரி கரையில் நின்றுகொண்டிருந்தார். பெரியவர் அந்நண்டின் காலிற் சிக்கிய நூலைப் பதமாக நீக்கி, அதனை மீண்டும் நீரில் விட்டார்.

"ஐயா, நல்ல விலை போகுமே!" என்றோம்.

"போகும் தம்பி. அதன் வயிற்றில் இருப்பவை பல இலட்சம் முட்டைகள். விதைநெல்லைக் குற்றித் தின்ற வீடு எத்தனை நாள் நிற்கும்?"

"எல்லாரும் இவ்வாறு விடுகிறார்களா?"

"இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே! எனக்கும் எல்லா நாளும் மனம் வருவதில்லை."

இம்மறுமொழி எம்மை நெடிது சிந்திக்கச் செய்தது. சினை நண்டை விற்பவர்க்குப் பசியென்னும் காரணமேனும் உண்டு. விளையாட்டாகப் பிடிக்கும் எமக்கு அக்காரணமும் இல்லை. ஆகவே, விடுதற்குரியதை விடும் கடமை தொழிலாளரினும் எம்போல்வார்க்கே மிகுதியும் உரியது. சினை நண்டையும் சிறு நண்டையும் அங்கேயே அப்பொழுதே நீரில் விடுக. ஒரு வேளை உணவிற்கு வேண்டிய அளவே கொள்க. பிடித்ததை விற்கற்க, அது மீனவர் சந்தையிற் புகுந்து போட்டியிடுதலாம். 1986ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் தூண்டிலொடு செல்லற்க. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்பது மீனினம் பெருகுதற்கே யாகும். அந்நாட்களிற் கரையில் விளையாடுவோரும் கையடக்கம் கொள்வாராயின் அதுவே முறை.

வெறுங்கோணியோடு மீளும் நாளும் உண்டு. அன்று பொழுது வீணாயிற்று என்று எண்ணற்க; கடலில் விட்டவை கடலில் இருக்கின்றன.