ஆள் வாடைக்குப் பன்றி பயப்படுமா?

'பழைய வேட்டி, சேலையை வயலைச் சுற்றிக் கட்டினால் ஆள் வாடைக்குக் காட்டுப்பன்றி வராது என்றார்கள். கட்டினோம். ஒரு வாரம் வரவில்லை. அப்புறம் வந்துவிட்டது. ஏன்?' மலையோரக் கிராமங்களில் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை போட்ட ஒரு குடும்பத்தின் அனுபவத்தில் இதற்குப் பதில் இருக்கிறது.

நகையை அடகு வைத்து விதை வாங்கிய பயிர் அது. எழுபதாம் நாள், காய் பிடித்த நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கியது. ஒரே இரவில் பத்து சென்ட் அளவுக்குச் செடிகளைப் புரட்டிப் போட்டுவிட்டுக் காயைத் தின்றுவிட்டுப் போனது. மறுநாளே வீட்டுக்காரர் பெட்டியில் இருந்த பழைய சேலை, சட்டைகளைக் கொண்டுவந்து, குச்சி நட்டுத் தலை உயரத்தில் கட்டினார். ஏழு நாள் பன்றி எட்டிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் காலையில் பார்த்தால், சேலைக்கு அடியிலேயே குளம்புத் தடம்.

பக்கத்துக் கொல்லைக்காரர் ஒரு யோசனை சொன்னார். "ராத்திரிக்கு மட்டும் கம்பியில கரண்ட்டு விட்டுடுப்பா. ஒண்ணு செத்தா மத்தது வராது."

வீட்டுக்காரரும் அதற்குத் தயாராகிவிட்டார். மனைவி விடவில்லை. "வேணாங்க. விடியறதுக்கு முன்னாடி பால் கேனை எடுத்துக்கிட்டு இந்த வரப்புலதானே எல்லாரும் போறாங்க? மல்லாட்டை போனா அடுத்த பட்டத்துல எடுத்துக்கலாம். ஆள் போனா எங்க போய் எடுப்பீங்க?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மின்கம்பியிலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் விடுவது குற்றம். அப்படிப்பட்ட வேலிகளில் யானைகள் செத்திருக்கின்றன. வேலி போட்ட விவசாயிகளே செத்ததும் உண்டு.

வழியைக் காட்டியது வீட்டுக்காரரின் அம்மா. சின்ன வயதில் தகப்பனாரோடு பரணில் காவல் இருந்தவர். "தொவைச்சு மடிச்சு வச்ச துணியில ஆள் வாடை எங்கடா இருக்கும்? சோப்பு வாடைதான் இருக்கும். இன்னிக்கு உழைச்ச சட்டையை இன்னிக்கே கொண்டு போய்க் கட்டு" என்றார்.

பாட்டி சொன்னதில் அறிவியல் இருக்கிறது. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. தோலில், முக்கியமாக அக்குளில், இருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. அந்த வாடைப் பொருள்கள் காற்றில் ஆவியாகப் பறப்பவை. வெயிலும் காற்றும் பட்டால் குறைந்துகொண்டே போகும், மழை பெய்தால் கழுவிப் போகும். பாலியஸ்டர் கலந்த துணி பருத்தியைவிட அதிகமாக நாறும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். அதனால் நாள் முழுக்கப் போட்டு உழைத்த பாலியஸ்டர் சட்டை இதற்கு நல்லது.

காட்டுப்பன்றிக்குக் கண் பார்வை மட்டம், மூக்குதான் கூர்மை. புதிய வாடை பட்டால் முதலில் ஒதுங்கும். வாடை மங்கி, ஆள் யாரும் வரவும் இல்லை என்றால், 'இது வெறும் துணி' என்று கண்டுகொள்ளும். அதற்குப் பிறகு அதே இடத்தில் எத்தனை துணி கட்டினாலும் பலன் குறைவுதான்.

வேட்டைக்காரர்களின் பழக்கம் இதற்கு நேர் எதிரானது. மான் வேட்டைக்கு அனுமதி உள்ள அமெரிக்காவில், வேட்டைக்குப் போகிறவர்கள் உடுப்பை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, வெளியில் உலர்த்தி, மூடிய பெட்டியில் வைத்திருப்பார்கள். அப்படியும் காற்று தங்கள் பக்கமிருந்து விலங்கை நோக்கி வீசினால் காரியம் கெட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். காவலுக்கு நிற்கும் விவசாயிக்கோ தன் வாடை பன்றிக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு பேருக்கும் காற்றின் திசைதான் முக்கியம்.

மலையடிவாரத்தில் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். மலைப்பக்க வரப்பில் சட்டையைக் கட்டினால் வாடை வயல் வழியாக ஊரை நோக்கிப் போய்விடும். மலையிலிருந்து வரும் பன்றிக்கு அது எட்டாது. இதைக் கண்டுபிடிக்க, அந்தக் குடும்பத்து மருமகள் இரவு எட்டு மணிக்கு வரப்பில் நின்று அடுப்புச் சாம்பலை ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தார். சாம்பல் ஊர்ப் பக்கம் பறந்தது. மறுநாளே சட்டைகளை வரப்பிலிருந்து எடுத்து, பன்றி வரும் தடத்தின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் கட்டினார்கள். பன்றியின் மூக்கு இருக்கும் உயரம் அதுதான். மூன்று நாளுக்கு ஒரு முறை துணியையும் இடத்தையும் மாற்றினார்கள். நான்கு கொல்லைக்காரர்கள் முறை வைத்து, இருவர் இருவராக டார்ச் லைட்டோடு வரப்பைச் சுற்றி வந்தார்கள். வாடை வரும் இடத்தில் ஆளும் வருவான் என்று பன்றிக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு முறை ஓரத்தில் நுழைந்தது உண்மை. ஆனால் மீதிப் பயிர் வீடு வந்து சேர்ந்தது. நகையையும் மீட்டார்கள்.

ஆகவே, ஆள் வாடை வேலி ஆகாது. காய் பிடித்ததிலிருந்து அறுவடை வரை நாளைக் கடத்த உதவும், அவ்வளவுதான். கூடவே முடி திருத்தகத்தில் கிடைக்கும் தலைமுடியை வரப்போரம் தூவலாம். மோப்பம் பிடிக்கும்போது மூக்கில் ஏறி உறுத்தும். ஓரத்தில் நான்கு வரிசை ஆமணக்கு விதைக்கலாம். காய் முற்றியதும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் பிடுங்கிவிடுங்கள்.

காவலுக்குப் போகிறவர்கள் பன்றி ஓடும் தடத்தில் நிற்கக் கூடாது. குட்டிகளோடு இருக்கும் தாய்ப்பன்றியை மடக்கவே கூடாது. வெடி, கண்ணி எதுவும் வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த அனுமதியும் வனத்துறையினருக்குத்தான், விவசாயிகளுக்கு அல்ல. சேதம் நடந்தால், புரட்டிய செடிகளை அப்புறப்படுத்துவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் மனு கொடுத்து நிவாரணம் கேளுங்கள்.