வலமும் இடமும்

வலம் என்னும் சொல்லை வலிமைக்கும் வெற்றிக்கும் உரிய சொல்லாகவும் நம் முன்னோர் ஆண்டனர். கோயிலைச் சுற்றுவதை வலம் வருதல் என்றே சொல்கிறோம். இறைவனை வலப்பக்கத்தே கொண்டு நடக்கும்போது ஒவ்வொரு மூலையிலும் நம் கால்கள் வலப்புறமே திரும்புகின்றன. குழந்தைப் பருவந்தொட்டு இவ்வாறு வலம் வந்து பழகிய நம்மவர், மோட்டார் சைக்கிளில் ஏறி அமர்ந்தவுடன் வலப்பக்கம் திரும்பத் தயங்குவது ஏன்? சிறிய வினாதான். எனினும் எங்கள் வீட்டில் அது சில திங்கள் பெரிய வினாவாக இருந்தது.

நாங்கள் வாழ்வது புனேயின் விமான் நகரில். லோகேகாவ் விமான நிலையம் அருகில் இருப்பதால் வந்த பெயர் அது. புனேயோ இருசக்கர வண்டிகளுக்குப் பேர்போன ஊர். 1972இல் சேதக் ஸ்கூட்டரை நாட்டுக்கு அளித்த பஜாஜ் நிறுவனத்தின் ஊர். இங்கே குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் முதன்முதலாகக் கற்கும் மராத்திச் சொற்களுள் 'டாவீகடே', 'உஜவீகடே' என்னும் இரண்டும் அடங்கும். இடம், வலம் சொல்லத் தெரியாமல் ஆட்டோவில் வீடு வந்து சேர்வது எவ்வாறு?

என் மகள் அலுவலகத்துக்கு மோட்டார் சைக்கிளில் செல்பவள். இடப்பக்கம் திரும்புவது அவளுக்கு மூச்சு விடுவதுபோல் இயல்பு. வலப்பக்கம் திரும்ப வேண்டுமெனில், மூன்று முறை இடப்பக்கம் திரும்பித் தெருக்களைச் சுற்றிக்கொண்டு அதே திசையை அடைவாள். ஒருநாள் மாலை சோர்ந்து வந்து அமர்ந்தவள், "அப்பா, ரைட் எடுக்கும்போது வண்டி என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது. வித்துடலாம்னு பார்க்கிறேன்" என்றாள். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அவள் பாட்டிக்கோ பெருமகிழ்ச்சி. பெண்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்று முன்பே கேட்டவர் அவர். விற்கப்படவிருந்தது வண்டி மட்டுமன்று என்பதை நான் உணர்ந்தேன். யாரையும் எதிர்பாராமல் போய்வரும் உரிமையும் அதனுடன் போய்விடும்.

ஆகவே இந்த அச்சத்தின் வேரைத் தேடத் தொடங்கினேன். முதல் வேர் உடலிலேயே இருந்தது. வண்டியின் பக்கவாட்டு ஸ்டாண்டு இடப்பக்கம் உள்ளது. நாம் ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கமே. சிக்னலில் நிற்கையில் ஊன்றுவதும் பெரும்பாலும் இடக்காலே. வண்டியின் எடை இடப்பக்கம் சாய்ந்தால் தாங்கிக்கொள்ள நம் உடல் நாள்தோறும் பயிற்சி பெறுகிறது; வலப்பக்கச் சாய்வுக்கு அப்பயிற்சி இல்லை. இது போதாதென்று வலக்கைக்கு இரட்டை வேலை. ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும் அதன் பொறுப்பு. வலப்பக்கம் குறுகத் திரும்புகையில் முழங்கை மடங்கி உடலோடு ஒட்டிக்கொள்ள, மணிக்கட்டு பிசகி வண்டி குதிக்கிறது. பயந்து வலக்காலை ஊன்றினாலோ, அந்தக் கால் காத்து நின்ற பின்பிரேக்கும் கைவிட்டுப் போகிறது.

விமான் நகரில் இருந்துகொண்டு ரைட் சகோதரர்களை நினையாமல் இருக்க இயலுமோ? விமானம் செய்வதற்கு முன் அவர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். மூத்தவரான வில்பர், சைக்கிள் ஓட்டுவோர் பலரிடம் இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டார். கைப்பிடியை இடப்பக்கம் திருப்புகிறோம் என்றே ஏறத்தாழ அனைவரும் விடை கூறினர். உண்மையில் அவர்கள் முதலில் கணநேரம் வலப்பக்கம் திருப்புகிறார்கள். அதனால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பின்னரே திரும்புகிறது. மோட்டார் சைக்கிளிலும் சற்று வேகம் பிடித்தபின் நடப்பது இதுவே. வலம் திரும்ப வேண்டுமெனில் வலக்கைப்பிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். அஞ்சியவர் கைகளை விறைத்துக்கொள்வதால் அந்த மெல்லிய தள்ளல் நிகழ்வதில்லை. வண்டி பேச்சைக் கேட்கவில்லை என்று என் மகள் சொன்னது இதைத்தான்.

பழகாத பக்கம் பகையாவது தேர்ந்தவர்களுக்கும் உண்டு. ஜெர்மனியின் சாக்சன்ரிங் பந்தயச் சாலையில் இடப்பக்க வளைவுகள் 10. வலப்பக்க வளைவுகள் 3 மட்டுமே. டயரின் வலப்பக்கம் தரையில் படாமலே நெடுந்தொலைவு ஓடிக் குளிர்ந்துவிடுகிறது. பிறகு வரும் வலப்பக்க வளைவில் உலகப் புகழ் பெற்ற வீரர்களும் சறுக்கி வீழ்ந்திருக்கின்றனர்.

அச்சத்தின் இரண்டாம் வேர் சாலையில் உள்ளது. நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் செல்கிறோம். ஆதலால் இடம் திரும்புபவர் ஓரத்தை ஒட்டியே போய்விடலாம். வலம் திரும்புபவரோ எதிரே வரும் வண்டிகளின் பாதையைக் கடந்தாக வேண்டும். அமெரிக்காவில் வாழும் என் தம்பி மகனுக்கு இந்த அச்சம் அப்படியே இடம் மாறிவிட்டது. அங்கே வலப்பக்கம் செல்வது விதி; இடப்பக்கம் திரும்புவதே இடர். யூ.பி.எஸ். என்னும் பெரிய பொதி நிறுவனம் தன் வண்டிகள் இயன்றவரை இடம் திரும்பாதவாறு அங்கே வழி வகுத்துக் கொடுக்கிறது. மூன்று முறை சுற்றிச் சென்ற என் மகளின் உபாயம் அத்துணை பேதைமையானதன்று!

மலைச்சாலையிலோ கணக்கு வேறாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பாருங்கள். எளிதென்று நாம் நினைக்கும் இடப்பக்க வளைவே அங்கே குறுகலானது. உட்புறமாகச் செல்வதால் பாறையோ மரமோ பார்வையை மறைக்கும். வேகம் மிஞ்சினால் எதிர்வண்டியின் பாதைக்குள் தள்ளப்படுவோம். வலப்பக்க வளைவு அகன்றது, தொலைவும் தெரியும். ஆனால் அங்கே தவறினால் சாலை ஓரத்துச் சரளையும் பள்ளமும் காத்திருக்கும். எந்தப் பக்கமும் முற்றிலும் எளிதன்று.

மருந்தை நம்மூரே தந்தது. தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம் பெற 'எட்டுப் போடுதல்' என்றொரு தேர்வு உண்டல்லவா? எட்டின் ஒரு வளையம் இடத்துக்கு உரியது. மற்றொன்று வலத்துக்கு உரியது. ஞாயிறு காலைகளில் ஆளில்லாத திடலில் இரண்டு செங்கற்களை வைத்து என் மகள் எட்டுப் போட்டாள். முன்சக்கரத்தைப் பாராமல் போக வேண்டிய இடத்தைப் பார்ப்பது, தோளையும் முழங்கையையும் தளர்த்துவது, வலக்காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் இருப்பது ஆகிய மூன்றே பாடங்கள். ஆறாவது ஞாயிறன்று இரு வளையங்களும் ஒரே அளவாக அமைந்தன.

"சாயறதுக்குப் பயமில்லப்பா. ஆனா எதிர்ல லாரி வந்தா இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "அது இருக்கட்டும்மா" என்றேன். அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவதை வள்ளுவர் அறிவுடைமை என்னும் அதிகாரத்திலே வைத்தார், கோழைத்தனமாகக் கொள்ளவில்லை.

அயலூரில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு பக்கம் திரும்ப அஞ்சினால் உடனே வண்டியை விற்றுவிடாதீர்கள். அந்த அச்சம் உடலினதா, சாலையினதா என்று உடன் அமர்ந்து பிரித்துப் பாருங்கள். உடலின் அச்சம் பழகத் தீரும். சாலையின் அச்சம் தீர வேண்டுவதில்லை; அது பிள்ளையோடு கூடவே போய்வரட்டும்.