எழுபது வளைவும் ஒரு எர்த் ஒயரும்

நாமக்கல் ஆஞ்சநேயருக்குத் தலைக்கு மேல் கூரை கிடையாது. பதினெட்டு அடி உயரத்தில், வெயிலோ மழையோ, கைகூப்பியபடி நிற்கிறார். அந்த ஊருக்குள் நுழைகிற லாரிகள் சிலவும் அப்படித்தான். எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங், ஒரு ஸீட்... அவ்வளவுதான். முண்டாசு கட்டிக் கறுப்புக் கண்ணாடி போட்ட டிரைவர், திறந்தவெளியில் உட்கார்ந்து ஓட்டி வருவார். சில வாரம் கழித்து அதே எலும்புக்கூடு கதவு, கேபின், சரக்குப் பெட்டி எல்லாம் பூட்டி, பின்னால் 'ஹாரன் ப்ளீஸ்' எழுதி, நெற்றியில் பொட்டு வைத்து வெளியே வரும்.

லாரி பிறக்கிற ஊரில் லாரி வைத்தியர்களுக்குப் பஞ்சம் இருக்குமா? சேலம் ரோடு, திருச்சி ரோடு, பரமத்தி ரோடு எங்கே திரும்பினாலும் வெல்டிங், பெயிண்டிங், பட்டறை, எலெக்ட்ரிக்கல்... நடுவில் ஒரு டீக்கடை. அந்த டீக்கடைகளில் ஒன்றின் வாசலில்தான் எங்கள் பெரியப்பாவின் கார் மூச்சை நிறுத்தியது. நிற்பதற்கு இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

கார், 1994-ஆம் வருஷத்து பிரீமியர் பத்மினி. பெரியப்பா இன்னும் 'ஃபியட்' என்றுதான் சொல்வார். தப்பில்லை. இத்தாலிக்காரர்களின் ஃபியட் 1100-தான் பம்பாய் குர்லாவில் தயாராகி, எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்டது. இந்த நூற்றாண்டு பிறக்கிற சமயத்தில் உற்பத்தி நின்றது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டது. பெரியப்பா ஓய்வு பெற்றே பதிமூன்று வருஷமாகிறது. வண்டி மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது.

ஆறு மாதமாக அதற்கு உடம்பு சரியில்லை. காலையில் சாவியைத் திருகினால் செல்ஃப் 'உர்ர்... உர்...' என்று முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் தலையாட்டும். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். வெயில் ஏறினால் திடீரென்று எஞ்சின் விக்கும்.

சேலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். இளைஞர். கையில் ஸ்கேனரோடு வந்தார். புதுக் கார்களில் அதைச் செருகினால் என்ன வியாதி என்று ஸ்க்ரீனில் எழுதிக் காட்டுமாம். பத்மினியின் டாஷ்போர்டுக்குக் கீழே ரொம்ப நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இதுல செருகறதுக்கு ஓட்டையே இல்லையே!" என்றார். அதற்கப்புறம் அவர் கையாண்ட முறை மாற்று வைத்தியம். அதாவது, எதையாவது மாற்றுவது! முதலில் பேட்டரி. அப்புறம் நாலு பிளக். அப்புறம் காயில். அப்புறம் பெட்ரோல் பம்ப் கிட். கடைசியாக செல்ஃப் மோட்டாருக்குக் கார்பன். 11,000 ரூபாய்ச் சொச்சம். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. இவர் ஐந்து அம்பு விட்டும் உடும்புகூடச் சாகவில்லை.

"எஞ்சினை இறக்கித்தான் பார்க்கணும்" என்று அவர் சொன்ன அன்றைக்கே, பெரியம்மா பழைய இரும்பு வியாபாரியை வரவழைத்துவிட்டார். 35,000 ரூபாய் என்று விலை பேசியாயிற்று. பெரியப்பாவுக்கு வயது 71. இதய ஆபரேஷன் ஆனவர். இந்த வண்டி போனால் வீட்டில் இன்னொரு வண்டியின் சாவியை அவர் கையில் யாரும் கொடுக்கப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வருஷா வருஷம் அறப்பளீஸ்வரரைப் பார்த்துட்டு வர்றேன். இந்த வருஷமும் இதுலயே கொல்லிமலை ஏறறேன். ஏறலைன்னா, இறங்கி வந்து நானே சாவியைக் கொடுத்துடறேன்" என்றார் பெரியப்பா.

துணைக்கு நான். வண்டியைத் தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே! பெரியம்மாவும் ஏறிக்கொண்டார். சாட்சி சொல்ல.

நாமக்கல் டீக்கடை வாசலில் செல்ஃப் எடுக்கவில்லை. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போவதற்குள், எதிர்ச் சாரியிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். காதில் ஒரு ஸ்க்ரூடிரைவர், பென்சில் போல. லாரி எலெக்ட்ரீஷியன்.

"தள்ளாதீங்க தம்பி. தள்ளி ஸ்டார்ட் பண்ணிட்டா சீக்கு ஓடி ஒளிஞ்சுக்கும். ஏனுங்கய்யா, இன்னொருக்கா செல்ஃப் அடிங்க பாக்கலாம்."

பெரியப்பா அடித்தார். உர்ர்... உர்... அந்த மனிதர் பேட்டரியைப் பார்க்கவில்லை, காயிலைப் பார்க்கவில்லை. கையை நீட்டி சோக் ஒயரைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சுட்டது! டீ கிளாஸ் சூடு.

"சோக் ஒயர்ல கரெண்டுக்கு என்னங்க வேலை? அது இழுக்கற கம்பி. ஆனா அதுலதான் போயிட்டிருக்குது."

அப்புறம் மீட்டரை எடுத்தார். சேலத்து மெக்கானிக் போட்ட பேட்டரி, 12.6 வோல்ட். பழுதில்லை. வண்டியை எப்படியோ கிளப்பி, ஆல்டர்னேட்டரின் வாயிலேயே வைத்துப் பார்த்தார். 14.2. அதுவும் பழுதில்லை. அதே நேரத்தில் பேட்டரியில் வைத்தால் 12.7-தான் காட்டியது. அங்கே கிளம்பிய ஒன்றரை வோல்ட் இங்கே வந்து சேரவில்லை.

நான் பி.காம். ஒயரிங் படம் எனக்குப் புரியாது. ஆனால் பேங்க்கில் கட்டிய பணம் பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால் அது நன்றாகவே புரியும். விஷயம் இவ்வளவுதான். கரெண்ட் என்பது டபுள் என்ட்ரி கணக்கு. பேட்டரியிலிருந்து எவ்வளவு புறப்பட்டதோ அவ்வளவும் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். போவதற்கு ஒயர் இருக்கிறது. திரும்புவதற்கு காரின் இரும்பு பாடியே ஒயர். ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். ரப்பர் கரெண்டை விடாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்க, சடை பின்னின மாதிரி ஒரு செம்புப் பட்டை கொடுத்திருப்பார்கள். அதுதான் எர்த் ஒயர். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ, செல்ஃப் மோட்டார் குடித்த அவ்வளவு கரெண்டும் திரும்ப வழியில்லாமல் சோக் ஒயர், ஆக்ஸிலேட்டர் ஒயர் என்று சந்துபொந்து வழியாக ஓடும். சந்து சூடாகாமல் என்ன செய்யும்? முனகல், சூடு, முள்ளின் தலையாட்டல் எல்லாமே ஒரு கணக்கின் பிசகு. வரவுப் பக்கத்தில் யாருமே பார்க்கவில்லை!

நம்புவதற்காக ஒரு சோதனையும் காட்டினார். தடித்த ஒயர் ஒன்றின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்தார், மறு முனையை எஞ்சின் இரும்பில் அழுத்தினார். "இப்ப அடிங்க." வண்டி ஒரே உதறலில் எழுந்து நின்றது. பெரியம்மா பின் ஸீட்டில் கையிலிருந்த முறுக்கைக் கீழே போட்டுவிட்டார்.

அடியில் புகுந்து பழைய பட்டையை எடுத்து வந்தார். பச்சை பூத்து, பாதி இழை அறுந்து, பழைய அரைஞாண் கயிறு போல இருந்தது. பழைய உரிமையாளர் யாரோ போல்ட்டுக்கு அடியில் பெயிண்டே அடித்து வைத்திருந்தார். உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். புதுப் பட்டை, இரண்டு போல்ட். மொத்தம் 350 ரூபாய், கூலியோடு.

கிளம்பும்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்து உச்சுக் கொட்டினார். மெக்கானிக் பாஷையில் அது 'டெல்கோ'. "பாயிண்ட் கருகியிருக்குதுங்க. கண்டென்சர் போகப்போவுது. இப்ப ஓடுது, ஓடறதை மாத்த வேண்டாம். இதைக் கையில வெச்சுக்கங்க" என்று கட்டைவிரல் தடிமனில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். கெட்டுப்போகாததை மாற்ற மறுத்த முதல் மெக்கானிக்கை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி. அங்கிருந்துதான் மலை. ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். மொத்தம் எழுபது. ஊட்டிக்குப் போகிறவர்கள் சீனரி பார்ப்பார்கள், கொல்லிமலைக்குப் போகிறவர்கள் எண்ணிக்கொண்டே போவார்கள். பெரியப்பா பத்து வளைவுக்கு ஒருமுறை "பத்தாச்சு", "இருபதாச்சு" என்றார். ஒவ்வொரு திருப்பத்திலும் காரவள்ளி வயல்கள் ஒரு சுற்றுக் கீழே போயின. காற்றில் சூடு குறைந்து ஈரம் ஏறியது. எஞ்சினில் மட்டும் சூடு ஏறியது.

நாற்பத்து மூன்றில் விக்கியது. நாற்பத்து நான்கில் நின்றது.

மலை ரோட்டில் ஒரு பழைய கார் நின்றால் வைத்தியர்களுக்குக் குறைவே கிடையாது. பைக்கில் வந்த இரண்டு பையன்கள் "பெட்ரோல் ஆவியாகிடுச்சு அங்கிள், ஈரத் துணி போடுங்க" என்றார்கள். ஜீப்காரர் "ஹெட் கேஸ்கட்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். குரங்கு ஒன்று பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தது. அது மட்டும்தான் கருத்துச் சொல்லவில்லை.

ஈரத் துணி சமாசாரம் பொய்யில்லை. சூட்டில் பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டிக்கொண்டால், இந்த வகை எஞ்சின் நிற்கத்தான் செய்யும். துணியை நனைத்துப் போட்டால் ஓடும். ஆனால் கண்டென்சர் கெட்டாலும் இதே மாதிரி சூட்டில் நின்று, ஆறினால் ஓடும். இரண்டில் எது?

பெரியப்பா அவசரப்படவில்லை. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். காயில் ஒயரைக் கழற்றிவைத்துவிட்டு, கார்புரேட்டருக்குப் போகிற டியூப்பை உருவி ஒரு பாட்டிலுக்குள் விடச் சொன்னார். செல்ஃப் அடித்தார். சுளீர் சுளீரென்று பெட்ரோல் வந்தது. ஆக, ஆவி இல்லை. டியூப்பை மாட்டி, பாட்டிலை மூடித் தூரத்தில் வைத்து, சிந்தியதைத் துடைத்துக் காயவிட்டோம். அப்புறம் டெல்கோ மூடியைத் திறந்து மறுபடி ஒரு அடி. பாயிண்ட்டுக்கு நடுவிலேயே மத்தாப்பு!

எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அந்தப் பாயிண்ட் 6,000 தடவை திறந்து மூடும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அங்கே பொறி பறக்காமல் வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் உத்தியோகம். அது வாங்காவிட்டால் பிளக்கில் விழவேண்டிய நெருப்பு பாதி வழியிலேயே செலவாகிவிடும்.

ஒரு ஸ்க்ரூ, ஒரு ஒயர். மாற்றியது பெரியப்பாதான். கை நடுங்கியது. ஸ்க்ரூடிரைவரை நான் வாங்கப் போனேன். பெரியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, 'விடு' என்று கண்ணைக் காட்டினார். பத்து நிமிஷ வேலைக்கு அரைமணி ஆயிற்று. வண்டி எடுத்தது. எழுபதாவது போர்டு வரைக்கும் யாரும் பேசவில்லை, எண்ணவும் இல்லை.

அறப்பளீஸ்வரரைப் பார்த்தோம். ஆகாய கங்கைக்கு ஆயிரம் படி இறங்க வேண்டும் என்பதால் பெரியவர்கள் இரண்டு பேரும் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நான் மட்டும் போய் நனைந்துவிட்டு வந்தேன். ராத்திரி செம்மேட்டில் தங்கல். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், இறக்கத்தில் எஞ்சினை அணைக்கக் கூடாது என்று பெரியப்பா எனக்குப் பாடம் எடுத்தார்.

காலையில் நல்ல குளிர். மிளகு, அன்னாசி, ஒரு முழுப் பலாப்பழம் என்று பெரியம்மா டிக்கியை நிரப்பிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. இரும்பு வியாபாரி.

"எப்பங்க்கா வண்டியை எடுத்துக்கலாம்?"

பெரியம்மா பலாப்பழத்தை இடுப்பில் வைத்தபடியே சொன்னார்: "35,000-க்கெல்லாம் முடியாதுங்க தம்பி. நேத்துத்தான் புது எர்த் ஒயர் போட்டிருக்குது!"