கோயில்பிள்ளையின் கால்



சென்ற வாரம் ஒரு குடும்பத்தார் குருமனைக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய மகன்மீது வேன் மோதிக் கை முறிந்திருக்கிறது. “ஐயா, இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாமா? போட்டால் அது மன்னியாமை ஆகிவிடுமா?” என்று கேட்டார்கள். உடனே பதில் சொல்ல என் நா எழவில்லை. ஏனெனில் இதே கேள்விக்கு முன்பு ஒருமுறை மிக எளிதாகப் பதில் சொன்னவன் நான். முந்தைய சேகரத்தில் நடந்த அந்தக் காரியத்தை, சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. ஆலயத்தைப் பெருக்கி, பெஞ்சுகளைத் துடைத்துவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய எங்கள் கோயில்பிள்ளைமீது காய்கறி ஏற்றிவந்த ஒரு லோடு ஆட்டோ மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. ஓட்டிவந்த இளைஞனும் நம் சேகரத்துப் பிள்ளையே. முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் நடந்தது. பிறகு அரசு மருத்துவமனைக்கு மாற்றிக் காலில் கம்பி வைத்தார்கள்.

மூன்றாம் நாள் அந்த இளைஞனின் தாய் குருமனைத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். “கேஸ் ஆச்சுன்னா இருக்கிற அரை ஏக்கரையும் விக்கணும் ஐயா. எம் பையனைக் காப்பாத்துங்க.” அந்த அழுகை என்னை அசைத்தது. அன்று மாலையே கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் ஆறாம் அதிகாரத்தோடு மருத்துவமனைக்குப் போனேன். சகோதரனுக்கு விரோதமாகச் சகோதரன் வழக்காடுவது தகாது என்று அரை மணி நேரம் பேசினேன். படுக்கையில் கிடந்தவர் தலையசைத்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற அவருடைய மனைவி ஒன்றும் பேசவில்லை. அவரிடம் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

இருபதாயிரம் ரூபாய் கைமாறியது. இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் நானே எழுதி, சாட்சியாகக் கையொப்பமும் இட்டேன். அடுத்த ஞாயிறு மன்னிப்பைக் குறித்துப் பிரசங்கித்தேன். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஜனவரி மாதம் அந்த அம்மா குருமனைக்கு வந்தார். பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறவர். கணவரைத் தூக்கி உட்காரவைத்து, கழிப்பறைக்கு நடத்திச் சென்று, மருத்துவமனைக்கு அலைந்ததில் கணக்குக்கு இலை சுற்ற முடியாமல் அவருடைய கூலியும் பாதியாகியிருந்தது. அவர் கோபமாகப் பேசவில்லை. “அந்தத் தம்பிமேல எங்களுக்கு வருத்தம் ஒன்னும் இல்லைங்க ஐயா. மன்னிச்சது மன்னிச்சதுதான். ஆனா மன்னிச்சதுக்குக் கூலியையும் நாங்களேவா குடுக்கணும்?” என்றார்.

அன்றிரவுதான் நம் சபையின் வழக்கறிஞர் தம்பியை அழைத்துப் பேசினேன். முதல் நாளே செய்திருக்கவேண்டிய காரியம். அவர் சொன்னவை எளிய விஷயங்கள். ஐம்பதைத் தாண்டிய எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்த வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருந்தது. பையனிடம் உரிமமும் இருந்தது. ஆகவே தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைச் செலுத்தவேண்டியது காப்பீட்டு நிறுவனம். அந்தத் தாயின் அரை ஏக்கருக்கு ஒரு ஆபத்தும் இருந்ததில்லை. குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு மனு வேறு என்பதையும் அவர் விளக்கினார். இன்னொன்றும் சொன்னார்: 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் மனுவைத் தாக்கல் செய்யவேண்டும் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்திருந்தது. எங்களிடம் மீதமிருந்தவை சில வாரங்களே.

காவல் நிலையத்துக்குப் போகவேண்டாம் என்று நான் தடுத்திருந்தேன். நல்லவேளையாக, மருத்துவமனை தன் விபத்துப் பதிவேட்டில் வண்டி எண், நேரம், இடம் எல்லாவற்றையும் எழுதி நிலையத்துக்குத் தகவல் அனுப்பியிருந்தது. அதன்பேரில் வழக்கும் பதிவாகியிருந்தது. “அந்த ஏடு இல்லாவிட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது ஐயா?” என்றார் வழக்கறிஞர்.

அந்த நாட்களில் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். அடிபட்டவன் சாகாமல் படுக்கையில் கிடந்து, பின் ஊன்றுகோலோடு வெளியே நடமாடினால், அடித்தவன் தண்டனைக்குத் தப்பலாம்; ஆனால் வேலை இழந்த நாட்களுக்கு ஈடுகொடுத்து, அவனைக் குணமாக்கவும் வேண்டும். அந்த வேலையிழப்பைக் குறிக்கும் எபிரெயச் சொல்லுக்கு ‘சும்மா உட்கார்ந்திருத்தல்’ என்பது பொருள். இறையியல் கல்லூரியில் இதை இலக்கணத்துக்காகப் படித்து மதிப்பெண் வாங்கினேன். ஒரு கூலியாள் உட்கார்ந்துவிட்டால் அவன் வீட்டில் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை. பிற்காலத்து யூத ரபிகள் இந்தப் பகுதியை விரித்து, சேதம், வலி, சிகிச்சை, வேலையிழப்பு, அவமானம் என்று ஐந்து வகையாக ஈட்டைக் கணக்கிட்டார்கள். மிஷ்னாவின் பாபா காமா என்னும் பகுதியில் அது இருக்கிறது. நம் மனுவில் வழக்கறிஞர் எழுதிய தலைப்புகளைப் பார்த்தபோது வியந்தேன்: மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலியும் வேதனையும், உதவியாளர் செலவு, சத்துணவுச் செலவு. கொரிந்தியருக்கு அப்படி எழுதின பவுலே, நியாயத்துக்காக இராயனுக்கு அபயமிட்டவர் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிப்ரவரியில் மனு தாக்கலானது. அதன்பின் வேறொரு சோதனை வந்தது. கோயில்பிள்ளையின் மாதச் சம்பளம் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதற்கு நான் சான்றிதழ் கொடுக்கவேண்டும். சபைப் பெரியவர் ஒருவர் வந்து, “பதினஞ்சாயிரம்னு எழுதுங்க ஐயா. கம்பெனிப் பணந்தானே, நம்ம ஆளுக்குத்தானே” என்றார். மறைக்காமல் சொல்கிறேன், நான் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அவருக்கு நான் செய்த தீங்கை அந்த ஒரு எண்ணால் ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றியது. என் கடனை வேறொருவர் பணத்தில், அதுவும் பொய்யால் தீர்க்கப் பார்த்தேன். கம்பெனிப் பணம் என்பது ஒவ்வொரு ஆட்டோக்காரரும் கடன் வாங்கிக் கட்டும் பிரீமியம் அல்லவா? இரவு தூக்கமில்லை. காலையில் ஐயாயிரத்து ஐந்நூறு என்றே எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு வாரம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் முழு உண்மை சிறியதாக இருக்கவில்லை. ஆலய வேலை இல்லாத நாட்களில் அவர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போவார். அவரால் வேலை வாங்கிய வீட்டுக்காரர்கள் மூன்று பேர் தீர்ப்பாயத்துக்கு வந்து சாட்சி சொன்னார்கள். மருத்துவக் குழு கொடுக்கும் ஊன சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த மனிதர் செய்த வேலை என்ன என்று பார்க்கவேண்டும் என 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையிழந்த தச்சரின் நிலையும் கையிழந்த அரசு எழுத்தரின் நிலையும் ஒன்றல்ல. ஏணியில் ஏறிப் பிழைத்தவருக்கு மடங்காத கால் என்றால் என்ன என்பதைத் தீர்ப்பாயம் கேட்டுக்கொண்டது.

நானும் கூண்டில் ஏறினேன். காப்பீட்டுத் தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளை நீட்டினார். “இது உங்கள் கையெழுத்தா?” ஆம் என்றேன். “கோரிக்கை இல்லை என்று எழுதியதும் நீங்கள், கோரிக்கைக்குச் சாட்சி சொல்வதும் நீங்களா?” பிரசங்கபீடத்தில் இத்தனை ஆண்டு நின்றிருக்கிறேன், ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. கோயில்பிள்ளையும் அவர் மனைவியும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். “அன்று எனக்குச் சட்டம் தெரியாது. இந்தக் கால் என்ன ஆகும் என்றும் தெரியாது. ஓட்டியவரின் தாய் அழுததைக் கேட்டேன். இவருடைய மனைவியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அது என் தவறு” என்றேன். எழுத்தர் அதைத் தட்டச்சு செய்தார்.

2024இல் தீர்ப்பு வந்தது. முன்பு வாங்கிய இருபதாயிரத்தைக் கழித்து, மீதியை வட்டியோடு கொடுக்க உத்தரவாயிற்று. ஒரு பகுதி வங்கியில் வைப்பாக இருக்கிறது. தொகையை எழுதமாட்டேன், கடன் கேட்டு ஆள் வந்துவிடும். அன்று எதிர்மனுதாரராக வந்திருந்த அந்த இளைஞன்தான் கோயில்பிள்ளையைத் தன் வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

என்னிடம் வந்த குடும்பத்தாரை அந்த வழக்கறிஞரிடமே அனுப்பியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன், பையனின் தாயிடமும் தனியாகப் பேசினேன்.

சென்ற ஆண்டு அசனப் பண்டிகைக்கு அந்தச் சேகரத்துக்குப் போயிருந்தேன். கோபுரத்து மணிக்கயிற்றை நான்கடி நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். கீழே ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே அவர் முதல் மணி அடித்தார்.