பல்பொடி டப்பாவில் இருபது ரூபாய்

மாசக் கடைசி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால், திருவல்லிக்கேணி மேன்ஷனில் மாசக் கடைசி என்றால் என்ன என்பது, அங்கே குப்பை கொட்டியவனுக்குத்தான் தெரியும். முதல் தேதி ரத்னா கபேயில் சாம்பாரில் இட்லியை நீச்சலடிக்க விடுபவன், 25-ம் தேதிக்கு மேல் டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருப்பான்.

மெட்ராஸ், சென்னையான 1996. ஒரு 27-ம் தேதி சாயங்காலம் மேனேஜர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "ஊர்லேர்ந்து போன் சார்!"

அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "பயப்படாதே, ஆனா உடனே கிளம்பி வா" என்றாள் அக்கா. (இதில் முதல் பாதியைக் கேட்டு எவன் பயப்படாமல் இருந்திருக்கிறான்?)

பர்ஸில் 11 ரூபாய் 50 பைசா. பஸ்ஸுக்கும் வழிச் செலவுக்கும் எப்படியும் 80 வேண்டும். கடன் கேட்கலாம் என்றால், மேன்ஷனில் இருந்த 40 ரூமிலும் அன்றைக்கு முழு சோஷலிஸம். எல்லோரிடமும் சமமாக ஒன்றுமில்லை. ரூம்மேட் என்னைவிட மோசம். என்னிடம் சிகரெட்டுக்குக் காசு கேட்க வந்தவன், விஷயம் தெரிந்ததும் பேசாமல் கட்டிலுக்கு அடியில் புகுந்து தேட ஆரம்பித்தான்.

பாயைத் தூக்கினோம். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். பழைய பேன்ட் பாக்கெட்டுகளின் மூலையெல்லாம் வெளியே இழுத்துப் பார்த்தோம். 3 ரூபாய் 75 பைசா! அதில் பாதி நாலணா. (2011-ல் நாலணாவைச் செல்லாக்காசு ஆக்கினார்கள். எனக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் போய்விட்ட மாதிரி இருந்தது.)

அப்புறம் பழைய பேப்பர். ஆறு மாச தினசரி, கூடவே வாரப் பத்திரிகைகள். பெரிய தெரு பேப்பர் கடைக்காரர் தராசைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே 14 ரூபாய் என்றார். பைகிராஃப்ட்ஸ் ரோடுக்கு அப்போதே பாரதி சாலை என்று பெயர் வைத்துவிட்டார்கள், நாங்கள்தான் மாறவில்லை. அங்கே பிளாட்பாரக் கடையில் பேங்க் எக்ஸாம் கைடுக்கு 12 ரூபாய். "இத படிச்சு பாஸாயிட்டியா?" என்று கேட்டார் கடைக்காரர். இல்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு ரூபாய் குறைத்திருப்பார். தலையை எந்தப் பக்கமும் சேராமல் ஆட்டிவைத்தேன்.

மெஸ்ஸில் சாப்பிடாத டோக்கன் இரண்டு பாக்கி. "டோக்கனுக்குப் பணம் வாபஸ் இல்லை" என்று கொட்டை எழுத்தில் போர்டு. அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த மாமி, விஷயத்தைக் கேட்டுவிட்டு 18 ரூபாயை எடுத்து வைத்தார்.

ஆக மொத்தம் 59 ரூபாய் 25 பைசா.

சலவைச் சட்டையை வாங்கிக்கொண்டு போகலாம் என்று தெருமுனை இஸ்திரி வண்டிக்கு வந்தேன். அண்ணன் கரிப் பெட்டியை ஊதிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

சொன்னேன். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வண்டிக்கு அடியில் கையை விட்டு ஒரு பல்பொடி டப்பாவை எடுத்தார்.

"உன் சொக்காயில அப்பப்போ கெடைச்சுது. குடுக்க மறந்தே பூட்டேன்."

ஒரு இருபது, ஒரு ஐந்து, ஒரு இரண்டு. மூன்றும் இஸ்திரி போட்டு மொடமொடவென்று இருந்தன. 27 ரூபாய்!

கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு வந்தது 2002-ல். கிளாம்பாக்கம் 2023 கடைசியில். அப்போது எங்களுக்கு வெளியூர் பஸ் என்றால் பாரிமுனைதான். டவுன் பஸ் காசை மிச்சம் பிடிக்க, சேப்பாக்கம், நேப்பியர் பாலம், கோட்டை, ஹைகோர்ட் என்று நடந்தே போனேன். கடற்காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. வழியெல்லாம் பாக்கெட்டை ஒரு கையால் பொத்திக்கொண்டு போனது நன்றாக நினைவிருக்கிறது.

விழுப்புரத்தில் டீக்கு இறங்கியபோதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு ரூபாயை மறந்திருப்பேன். ஐந்தைக்கூட, முதல் வாரமாக இருந்தால், மறந்திருக்கலாம். இருபது ரூபாயைச் சட்டைப் பையில் மறந்துவிட்டுத் துணி போடுகிற அளவுக்கு நான் எந்த மாசம் வாழ்ந்தேன்?

விடியற்காலை ஆஸ்பத்திரி. இடுப்பில் கட்டோடு படுத்திருந்த அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "மாசக் கடைசியாச்சேடா... பஸ்ஸுக்கு ஏது காசு?"

"இருந்துதுப்பா" என்றேன்.

அவர் எழுந்து நடக்க மூன்று மாசம் ஆயிற்று. நான் ஒரு வாரத்தில் திரும்பினேன். சம்பளம் வாங்கியதும் நேரே இஸ்திரி வண்டிக்குப் போய் 20 ரூபாயை நீட்டினேன்.

"ஒன் காச ஒனக்குக் குட்த்தேன். எனக்கு எதுக்குப்பா?" என்றவர், பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த சட்டைக்குப் போய்விட்டார்.

நானும் விடவில்லை. அடுத்த தடவை துணி போட்டபோது, வேண்டுமென்றே ஒரு சட்டைப் பையில் இருபது ரூபாய் நோட்டை மடித்து வைத்தேன். மறுநாள் துணி வந்தது. மேலே, தனியாக ஒரு துண்டுப் பேப்பரில் சுற்றி, மொடமொடவென்று அந்த இருபது ரூபாய்.

இரண்டு வருஷம் முயற்சி செய்தேன் சார். ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.