கூடு இல்லாத கூண்டு

அஜின்கோர்ட்டின் வடக்குப் பக்கமாக ஓடுவது ஃபிஞ்ச் அவென்யூ. அது குருவியின் பெயர் என்று என்னுடைய மகள் கனகாலமாக நம்பியிருந்தாள். இல்லை. யங் வீதிச் சந்தியில் 19ஆம் நூற்றாண்டில் ஹோட்டல் வைத்திருந்த ஜோன் ஃபிஞ்ச் என்பவரின் பெயர் அது. அஜின்கோர்ட் என்ற பெயருக்கும் இந்த ஊருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. 1858இல் இங்கே தபால் கந்தோர் வந்தபோது, 1415இல் பிரான்ஸில் நடந்த ஒரு சண்டையின் பெயரைத் தூக்கி வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஃபிஞ்ச் குருவி இங்கே உண்மையாகவே இருக்கிறது. ஏப்ரல் மாதம் அஜின்கோர்ட் கோ ரயில் நிலையத்துக் கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். விளக்குக் கம்பத்தின் உச்சியில் இருந்து ஒன்று விடாமல் பாடும். ஊர்க்குருவி அளவு, ஆணுக்குத் தலையும் நெஞ்சும் சிவப்பு. ஹவுஸ் ஃபிஞ்ச் என்று பெயர். இது இந்தப் பக்கத்துப் பறவையே இல்லை. அமெரிக்காவின் மேற்கில் இருந்தது. அதைப் பிடித்து வந்து நியூயோர்க் கடைகளில் 'ஹொலிவூட் ஃபிஞ்ச்' என்று விற்றார்கள். காட்டுப் பறவையை விற்பது சட்டப்படி குற்றம் என்று பிடிபடத் தொடங்கியதும், 1940 அளவில் லோங் ஐலண்டில் கூண்டைத் திறந்து விட்டுவிட்டார்கள். 1970களில் அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒன்ராறியோவுக்கு வந்து சேர்ந்துவிட்டன. கூண்டுக்குள் இருந்து வந்த கொஞ்சப் பறவைகள்தான் இவ்வளவுக்கும் தொடக்கம்.

வீட்டுக்குள் ஃபிஞ்ச் வளர்க்க நினைக்கிற ஆட்களுக்கு நான் முதலில் சொல்லுகிற கதை இது. வெளியே இருப்பதைப் பிடிக்கக் கூடாது, கனடாவில் அதற்குச் சட்டம் இருக்கிறது. கடையில் விற்பது வேறு இனங்கள். ஆனால் பெருகுகிற வேகத்தில் அவையும் குறைந்தவை அல்ல.

எங்கள் வீடு ஷெப்பர்ட் வீதிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடி. நாய்க்கு இடமில்லை, பூனை என்றால் அம்மாவுக்குத் தும்மல். ஒன்பது வயது மகள் கேட்டுக் கேட்டுக் கடைசியில் குருவியில் வந்து நின்றாள். அஜின்கோர்ட்டில் இது புதினமான ஆசை இல்லை. எங்கள் கட்டிடத்திலேயே ஹாங்காங்கில் இருந்து வந்த ஒரு தாத்தா, வெயில் நாட்களில் தன்னுடைய மூங்கில் கூண்டை பால்கனியில் தொங்கவிட்டுவிட்டுப் பக்கத்தில் தேத்தண்ணியோடு இருப்பார். அவருக்கும் எனக்கும் பொதுவான பாஷை கை அசைவுதான். கூண்டு அகலமாக இருக்க வேண்டும், உயரமாக அல்ல என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டியது அவர்தான். அது சரியான பேச்சு. ஃபிஞ்ச் மேலும் கீழும் ஏறுகிற பறவை இல்லை, பக்கவாட்டில் பறக்கிறது. கடையில் வடிவாக நிற்கும் கோபுரக் கூண்டு அதற்கு உதவாது.

நாங்கள் எடுத்தது சொசைட்டி ஃபிஞ்ச். பெங்காலீஸ் என்றும் சொல்லுவார்கள், ஆனால் வங்காளத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. காட்டில் எங்குமே இல்லாத பறவை இது. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன ஒரு வகைச் சில்லையை அங்கே சுமார் 250 வருடம் கூண்டில் வளர்த்து வளர்த்து உண்டான இனம். அதன் மூதாதையான வெண்முதுகுச் சில்லை இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இன்றும் பறக்கிறது. படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்கட வயலுக்குக் கூட்டமா வந்து நெல்லுக் கொத்துற குருவியெல்லே! இதைப் போய்க் காசு குடுத்து வாங்கினனியோ?" என்றார்.

அம்மாவோடு வாக்குவாதம் அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்கியது. குஞ்சு வேண்டாம் என்று நாங்கள் தீர்மானித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "சோடியாப் பிறந்த சீவன். அதுகளை மலடா வைச்சிருக்கிறது பாவம், பிள்ளை." மகளும் அம்மம்மா பக்கம். குஞ்சு என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இராது?

கணக்கை மேசையில் வைத்தோம். ஒரு முறைக்கு நாலு முதல் ஆறு முட்டை. இரண்டு கிழமைக்குச் சற்று அப்படி இப்படி அடை. பொரித்து மூன்று கிழமையில் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வரும். வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட ஸீப்ரா ஃபிஞ்ச் என்றால் மூன்று மாதத்தில் அந்தக் குஞ்சே முட்டையிடத் தயார். அதுகளுக்கு அண்ணன் தங்கை பார்க்கத் தெரியாது. மகள் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, வருட முடிவில் இத்தனையையும் எந்த அறையில் வைப்பது என்று தானே கேட்டாள். சொந்தக்காரர் இரண்டு பேர் வாங்குவார்கள், மூன்றாவது ஆள் தொலைபேசியை எடுக்க மாட்டார். வெளியே விடுவதும் நடக்காது. ஹவுஸ் ஃபிஞ்சுக்கு இந்தக் குளிர் பழக்கம், சூட்டுக்குள் பிறந்த குருவி டொரொண்டோவின் ஒரு ஜனவரி இரவைத் தாங்காது.

தாய்ப் பறவையின் பாடு இன்னும் மோசம். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதன் உடம்பில் இருந்துதான் போகிறது. ஓயாமல் இட்டால் ஒரு நாள் முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடித்தட்டில் குந்தியிருக்கும். உடனே வைத்தியம் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். இதைச் சொன்ன பிறகுதான் அம்மா பேச்சைக் குறைத்தார். அவர் ஆறு பிள்ளை பெற்றவர்.

ஃபிஞ்சுக்குத் துணை இல்லாமல் முடியாது, அதில் அம்மா சொன்னது சரி. தனி ஃபிஞ்ச் வாடிப்போகும். ஆனால் துணை வேறு, குஞ்சு வேறு. ஆண்களாக மட்டும் சேர்த்து வைத்தாலும் ஒட்டி உரசி ஒரே கம்பில் தூங்கும், ஒன்றின் தலையை மற்றது கோதிவிடும். எங்கள் திட்டம் அதுதான்: மூன்று ஆண், பிறகு இன்னொன்று. கடைக்காரர் மூன்றும் ஆண் என்றார். சொசைட்டி ஃபிஞ்சில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி, பாடுகிறது மட்டும்தான் ஆண். பாட்டுக் கேட்கும்வரை எவருக்கும் தெரியாது. (ஸீப்ராவில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆணுக்குக் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு.) இரண்டு பாடின. மூன்றாவது பாடவில்லை. ஒரு காலை தீனிக் கிண்ணத்துக்குள் நிலக்கடலைப் பருப்பு அளவில் ஒரு வெள்ளை முட்டை.

முட்டையைத் தூக்கி எறிந்தால் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். எறிந்தால், இழந்ததை நிரப்ப அது திரும்ப இடும், இன்னும் களைக்கும். செய்ய வேண்டியது, அந்த அளவில் விற்கிற பிளாஸ்டிக் முட்டையை மாற்றி வைப்பது, இல்லையென்றால் அதே முட்டையை அவித்து ஆறவைத்துத் திரும்ப வைப்பது. பறவை சில கிழமை அதில் இருந்து பார்க்கும், ஒன்றும் நடக்காது, சலித்துப்போய் எழும்பிவிடும். பிறகு எடுக்கலாம்.

"உள்ளுக்குக் குஞ்சு இருக்கா?" என்று மகள் கேட்டாள். முகம் சுருங்கியிருந்தது. தாய் அடையில் இருந்து சூடு கொடுத்தால்தான் உள்ளே வளரத் தொடங்கும், இட்ட அன்றே எடுத்தால் நாங்கள் காலையில் சாப்பிடும் கோழி முட்டை மாதிரித்தான் என்று விளக்கினேன். உண்மை அதுதான். ஆனாலும் அன்றைக்கு அவள் முட்டைப் பொரியல் சாப்பிடவில்லை. அடுத்தடுத்த முட்டைகளைத் தானே எடுத்தாள், எது எந்த நாள் வந்தது என்று கொப்பியில் எழுதி வைத்தாள்.

பெண்ணை வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்குள் அதுவும் ஒரு ஆணும் சோடி சேர்ந்துவிட்டன. அம்மா இந்தத் தடவை விட்டுக்கொடுக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மற்ற ஆணுக்குத் துணையாக, வாய் ஓயாமல் பாடுகிற ஒன்றைப் பார்த்து வாங்கி நாலாக்கினோம். புதுக் குருவியை முதல் ஒரு மாதம் வேறு அறையில் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு சேர்த்தோம். சேர்க்கிற அன்று கம்புகளையும் கிண்ணங்களையும் இடம் மாற்றிவிட வேண்டும். அப்போது பழைய குருவிகளுக்கும் அது புது இடம், "இது என்ர மூலை" என்று சண்டைக்கு வராது.

சண்டைக்குப் பெரிய காரணம் நெஸ்ட்தான். இங்கே தமிழ் கொஞ்சம் காலை வாருகிறது. கூண்டையும் கூடு என்கிறோம், குருவி கட்டுவதையும் கூடு என்கிறோம். அம்மாவிடம் "கூட்டை எடுத்துவிடுங்கோ" என்று சொல்ல, அவர் கூண்டையே தூக்கி பால்கனிக்குக் கொண்டு போனார். நான் சொல்வது, கடையில் கூண்டோடு சேர்த்துத் தருகிற அந்தத் தென்னந்தும்புக் கிண்ணம். அது இருந்தால் முட்டை, அதற்காக அடிபிடி. அதை எடுத்துவிட வேண்டும். தும்பு, நூல், பஞ்சு, கிழித்த பேப்பர் ஒன்றும் உள்ளே இருக்கக் கூடாது. ஆழமான தீனிக் கிண்ணமும் அதுகளின் கண்ணுக்குக் கூடுதான். எங்கள் முட்டை வந்தது அப்படித்தான். இப்போது தட்டையான தட்டில் போடுகிறோம். அவித்த முட்டை, முளைவிட்ட தானியம் போன்ற சத்துச் சாப்பாடு கூடினால் 'நல்ல காலம் வந்துவிட்டது' என்று உடம்பு முட்டைக்குத் தயாராகும், ஆகவே அது எப்போதாவதுதான். அன்றாடம் தினையும் சாமையும் போதும். கணவாய் ஓடு மட்டும் எப்போதும் தொங்க வேண்டும். கடையில் அதைக் காசு கொடுத்து வாங்கியதற்கும் அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். ஊர்க் கடற்கரையில் காலில் இடறுகிற சாமான் அது.

மற்றது எல்லாம் இரட்டையாக இருக்க வேண்டும். இரண்டு தீனித் தட்டு, இரண்டு தண்ணீர், இரண்டும் எதிர் எதிர் முனையில். கம்புகள் ஒரே உயரத்தில். ஒரு கம்பு உயரமாக இருந்தால் எல்லாருக்கும் அதுதான் வேண்டும், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜன்னல் பக்கத்துச் சீட் மாதிரி. பிரிம்லி வீதிப் பக்கம் இருக்கிற ஒரு சிநேகிதி வீட்டில் ஸீப்ரா, இரண்டு ஆணுக்கு ஒரு பெண். தோற்ற ஆணின் முதுகில் இறகே இல்லை. ஒன்று அடித்தட்டிலேயே கிடந்தால், சாப்பிடப் போகும்போதெல்லாம் துரத்தப்பட்டால், "பழகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பிரிக்க வேண்டும். லவ் பேர்ட்ஸையும் ஃபிஞ்சையும் ஒரு கூண்டில் போடுவதோ, கேட்கவே வேண்டாம். அந்தச் சொண்டு ஃபிஞ்சின் காலை முறித்துவிடும்.

இந்த ஊரின் வெளிச்சம் வேறு ஒரு கதை. டிசம்பரில் இங்கே பகல் 9 மணித்தியாலத்துக்கும் குறைவு. ஜூன் கடைசியில் 15 மணித்தியாலத்துக்கு மேல், சூரியன் இரவு 9 மணிக்குத்தான் இறங்கும். எங்கள் யன்னல் மேற்குப் பார்த்தது. நீண்ட பகல் முட்டைக்கு அழைப்பு. அதனால் கோடையில் இரவு 7 மணிக்கே கூண்டுக்கு மேல் அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஏறும், காலை 7 மணிக்கு இறங்கும். வெளியே பிள்ளைகள் பந்து அடிக்கிற சத்தம், உள்ளே குருவிகளுக்கு நடுச்சாமம்.

குசினியில் இருந்து கூண்டு எவ்வளவு தூரம் என்பதையும் சொல்லியாக வேண்டும், எங்கள் சமையல் அப்படி. ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி அளவு மீறிச் சூடானால் வருகிற ஆவி எங்களுக்கு மணக்காமலே பறவையைக் கொன்றுவிடும். தோசைக் கல்லை அடுப்பில் மறந்துவிட்டுத் தொலைபேசியில் கதைக்கிற வீடு என்றால் இரும்புக் கல்லுக்கு மாறுங்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் வேறு அறையில்.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிஞ்ச் ஆண்குஞ்சு தகப்பனிடம் கேட்டுத்தான் பாடப் பழகுகிறது. முதல் சில மாதத்தில் கேட்காவிட்டால் ஸீப்ரா ஃபிஞ்ச் கடைசிவரை கோணலாகத்தான் பாடும். பிள்ளைகள் பேசப் பழகுவதை விளங்கிக்கொள்ள விஞ்ஞானிகள் இந்தக் குருவியை வைத்து ஆராய்வது இதனால்தான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு எழும்ப மறுக்கிற மகனிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப அப்பாவைத்தான் தமிழ் கதைக்கச் சொல்லோணும்" என்று திரும்பிப் படுத்துவிட்டான்.

போன கோடையில் மூன்று கிழமை யாழ்ப்பாணம் போனோம். அம்மா வரவில்லை, முழங்கால் நோ. குருவிகள் அவரின் பொறுப்பு. கிளிநொச்சி தாண்டும்போது வட்ஸ்அப்பில் படம் வந்தது. நாலு குருவியும் ஒரே கம்பில், தட்டு நிறையத் தினை, கூண்டு பளிச்சென்று. மூலையில் வெள்ளையாக என்னவோ. பெரிதாக்கிப் பார்த்தேன். பஞ்சு.

அழைத்தேன். "அம்மா, அது என்ன?"

"அதுகள் இரவில குளிருது எண்டு நினைச்சன்."

"ஜூலை மாசம் அம்மா!"

"சரி சரி, எடுக்கிறன். ஒண்டும் இடேல்லை. நான் காலமை காலமை கிண்ணம் பாத்திட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வயலுக்க சில்லை வந்திருந்தா ஒரு படம் எடுத்து அனுப்பு" என்றார்.